அறுநூற்றேழும் ஆறாம் நம்பர் கட் ஷூவும்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே போக வேண்டும். இதைக் கொண்டுவந்த மகான் வேறு யாருமல்ல, நான்தான். அன்றைக்கு என் வாயைப் பொத்த வீட்டில் ஒருவரும் இல்லாமல் போனது என் தலையெழுத்து.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். முகம் பார்க்கிற கண்ணாடி இல்லை, மூக்கில் மாட்டுகிற கண்ணாடி. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச்சுவரில் இருக்கும் எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று மாற்றி மாற்றிக் கேட்பது என் தொழில். என் மனைவி செருப்புக் கடையில் ஸ்டாக் மேனேஜர். ஆக, ஊராரின் தலைப்பக்கம் என் பொறுப்பு, கால்பக்கம் அவள் பொறுப்பு. நடுவில் இருப்பதை டாக்டர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஹாலில் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி ஒன்று இருக்கிறது. வீட்டிலேயே உருப்படியான சாமான் அது ஒன்றுதான். மேல் தட்டில் என் கேமராவும் லென்ஸ்களும். கீழ்த் தட்டில் அவளுடைய செருப்புப் பெட்டிகள். ஒருநாள் அவள் புதுப்பெட்டி ஒன்றோடு வந்து, கீழ்த் தட்டில் அதை நுழைக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு வீரம் வந்துவிட்டது.

"இது அலமாரியா, ரப்பர் பையா? இன்னிலேருந்து சட்டம். ஒண்ணு உள்ளே வந்தா ஒண்ணு வெளியே போகணும்."

"மீறினா?"

"மீறினவங்க தட்டு அடுத்தவங்களுக்கு."

"உங்களுக்கும் இது உண்டா?"

"சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்" என்று மார்தட்டினேன். மார் இன்னும் வலிக்கிறது.

அவள் உடனே அலமாரி முன்னால் உட்கார்ந்தாள். ஒரு பழைய ஜோடியை எடுத்துப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டு வந்து, புதுப்பெட்டியை அந்த இடத்தில் வைத்தாள். இவ்வளவு சீக்கிரம் ஒரு பெண் ஒரு சட்டத்துக்குக் கட்டுப்பட்டால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இப்போது என் லென்ஸ்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கேமரா ரேஞ்ச்ஃபைண்டர் ரகம். ஜன்னல் போன்ற சின்ன ஓட்டை வழியாகப் பார்த்தால், நடுவில் ஒரு கட்டத்தில் மட்டும் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பத் திருப்ப இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானால் படம் தெளிவு. கல்யாணத்துக்கு முன்னால் இது எனக்குப் பிடித்திருந்தது. கல்யாணத்துக்குப் பின்னால் இதன் தத்துவமும் விளங்கியது. இரண்டும் ஒன்றாவதற்கு எப்போதும் நான்தான் திரும்ப வேண்டியிருக்கிறது.

இந்த லென்ஸ்களைச் செய்கிற கம்பெனி ஒவ்வொரு ரகத்துக்கும் ஐந்து இலக்க எண் ஒன்றைக் கொடுத்திருக்கிறது. அதுதான் கோட். தந்தி காலத்தில் எண் கிடையாது, ரகத்துக்கு ஒரு சொல். அந்த ஒற்றைச் சொல்லைத் தந்தியடித்தால் சரக்கு வந்து சேரும். பிறகு காலம் மாறி எண்கள் வந்தன. பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும், லென்ஸின் பின்பக்கத்திலும் பொடியாகப் பொறித்திருக்கும். அதே கண்ணாடி, அதே அளவு என்றாலும் உடம்பு கறுப்பாக இருந்தால் ஒரு கோட், வெள்ளியாக இருந்தால் வேறு கோட். கறுப்புக்கு அலுமினிய உடம்பு, லேசாக இருக்கும். வெள்ளிக்கு உள்ளே பித்தளை, கனம். படம் என்னவோ இரண்டிலும் ஒரே மாதிரிதான் விழும். "அப்புறம் எதுக்கு ரெண்டும்?" என்று கேட்கிறவர்களோடு நான் பழகுவதில்லை, ஒருத்தியைத் தவிர.

கோட் போக, ஒவ்வொரு லென்ஸுக்கும் தனித்தனியாக ஒரு சீரியல் நம்பரும் உண்டு. அதை நான் மதிப்பதே கிடையாது. கோட் என்பது பட்டம். சீரியல் நம்பர் வெறும் டோக்கன்.

என்னிடம் இருந்தது 11607. கறுப்பு. வீட்டில் செல்லமாக அறுநூற்றேழு. எத்தனை கொடுத்தாலும் அதை நான் விற்க மாட்டேன். காரணம் இருக்கிறது. பல வருஷங்களுக்கு முன்னால் ஷூ வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தேன். ஏணியின் உச்சியில் நின்றுகொண்டு ஒரு பெண், "பழுப்பு எட்டு, கறுப்பு எட்டு, கறுப்பு ஒன்பது" என்று பெட்டிகளின் கோட்களைப் படித்துக்கொண்டிருந்தாள். உலகத்தில் என்னைப் போலவே கோட் படிக்கிற ஜீவன் ஒன்று இருக்கிறதே என்று அண்ணாந்து பார்த்தேன். காலில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஷூவோடு நாலடி பின்னால் நகர்ந்து, அறுநூற்றேழால் ஒரு படம் எடுத்தேன்.

ஏணி மேலிருந்து குரல் வந்தது. "சார், ஷூவைக் கம்பளத்து மேலதான் போட்டுப் பாக்கணும். கம்பளத்தை விட்டு இறங்கிட்டீங்க. இறங்கினா வாங்கினதாக் கணக்கு."

வாங்கினேன். ஒரு நம்பர் சின்னது. இன்றைக்கும் கடிக்கிறது. அந்தப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டது தனிக்கதை.

இப்படிச் சந்தோஷமாக இருந்தவனுடைய வாழ்க்கையில்தான் திருகாணி போன் செய்தார். கேமரா ரிப்பேர் கடைக்காரர். குனிந்தால் சட்டைப்பையிலிருந்து ஒரு திருகாணியாவது கீழே விழும், அதனால் அந்தப் பெயர். நான் ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், 11608 வந்திருக்கு" என்றார் திருகாணி.

"வெள்ளியா?"

"பளபளன்னு வெள்ளி சார்."

"எதுவும் தெரியலையே" என்றார் நாற்காலியில் இருந்த பெரியவர்.

"ரொம்பத் தெளிவா இருக்கு" என்றேன் நான்.

அறுநூற்றேழுக்கு உடன்பிறப்பு! சாயங்காலமே போய் வாங்கிவிட்டேன். டிபன் டப்பாவுக்குள் கைக்குட்டையைச் சுற்றி வைத்து, வீட்டுக்குக் கொண்டுவந்தும் விட்டேன். அப்போதுதான் நம் சட்டம் ஞாபகம் வந்தது. ஒன்று உள்ளே வந்தாயிற்று. வெளியே எதை அனுப்புவது? மற்ற லென்ஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து முகத்தைப் பார்த்தேன். எல்லாம் பாவமாகப் பார்த்தன.

எனக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தால் நிறுத்துவது கஷ்டம். தட்டில் இருக்க வேண்டியது எண்ணிக்கைதானே? வெள்ளியைக் கறுப்பின் பெட்டியிலேயே வைத்துவிட்டால் எண்ணிக்கை சரியாக இருக்கும். கறுப்பை ஒளித்துவைத்தால் போதும். எங்கே? அவள் தேடவே தேடாத இடத்தில். அதாவது, அவளுடைய தட்டிலேயே!

கீழ்த் தட்டில் கடைசி வரிசையில் ஒரு பெட்டி. கறுப்பு கட் ஷூ, ஆறாம் நம்பர். அதை அவள் போட்டு நான் பார்த்ததே இல்லை. அறுநூற்றேழை என் காலுறை ஒன்றுக்குள் போட்டுச் சுருட்டி, வலதுகால் ஷூவின் நுனி வரைக்கும் தள்ளிவிட்டேன். பெட்டியை மூடிப் பழையபடி வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டேன். உளவுத்துறையில் சேர்ந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன்.

இரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அலமாரிக்குத் தூசி தட்டிக்கொண்டிருந்தவள் கூப்பிட்டாள்.

"என்னங்க."

இந்த ஒரு சொல்லுக்கு அவளிடம் பல ராகங்கள் உண்டு. இது எனக்குப் பிடிக்காத ராகம்.

"இங்க ஒரு கறுப்பு லென்ஸ் இருந்துச்சே?"

"இருக்கே."

"இது வெள்ளியால்ல இருக்கு?"

"துடைச்சேன்."

"துடைச்சா?"

"நல்லா அழுத்தித் துடைச்சேன். கறுப்புப் போயிடுச்சு. உள்ளே வெள்ளிதான் போலிருக்கு."

அவள் லென்ஸைக் கையில் எடுத்து ஏற்றி இறக்கிப் பார்த்தாள். "கனமாவும் ஆயிடுச்சே?"

"அழுக்குப் போனதுனால..."

"அழுக்குப் போனா கனம் குறையும்ங்க."

"பாலீஷ் ஏறியிருக்குல்ல. அந்தக் கனம்."

அவள் பெட்டியைத் திருப்பினாள். "இதுல 11607ன்னு போட்டிருக்கு. அது கறுப்போட நம்பராச்சே?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவளுக்கு எப்படித் தெரியும்? கல்யாணமான நாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வேறு எதைப் பற்றியும் நான் பேசியதில்லை என்பது பிற்பாடுதான் உறைத்தது.

"அது பெட்டியோட நம்பர்ம்மா. அட்டைப்பெட்டி செய்யறவன் போடறது. உள்ளே இருக்கிற சாமானுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாது."

இதை யாரிடம் சொல்கிறேன்? பெட்டி நம்பரும் உள்ளே இருக்கும் ஷூவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்குகிறவளிடம்.

"ஓ, அப்படியா?" என்று கண்ணை அகல விரித்தாள். "இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே. சரிங்க."

சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். இவ்வளவுதானா பெண்ணின் மூளை என்று நான் எண்ணிக்கொண்டது உண்மை. அதற்குரிய அபராதத்தைக் கட்டி முடித்துவிட்டதால் வெளிப்படையாகச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் வேலை முடிந்து அவள் வந்தபோது தெருமுனையிலேயே ஏதோ சிவப்பாக மின்னியது. வீட்டுக்குள் வந்த பிறகும் அது மின்னியது. அவள் காலில் இருந்தது.

"புது ஷூவா?" என்றேன். எனக்குள் இருந்த நீதிபதி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பழசுதாங்க. முன் வரிசையில இருக்குமே, அந்தக் கறுப்பு."

"கறுப்பா? இது ரத்தச் சிவப்பா இருக்கு!"

"துடைச்சேன்."

ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

"குதி வேற உயரமா இருக்கே?"

"பாலீஷ் ஏறியிருக்குல்ல."

அதோடு போயிற்றா? இரண்டு நாள் கழித்துப் பச்சை. "மழையில நனைஞ்சு பாசி பிடிச்சிடுச்சுங்க" என்றாள். வானத்தில் மேகம் கூட இல்லை. அதற்கப்புறம் தங்கக் கொக்கி வைத்த ஒன்று. "துரு" என்றாள். என் வீட்டில் துரு கூடப் பதினெட்டுக் காரட்டாகத்தான் பிடிக்கிறது.

என்னிடம் ஒரு துருப்புச் சீட்டு இருந்தது. கோட்! செருப்புக்கும் கோட் உண்டு. பெட்டியில் ஒட்டியிருக்கும், ஷூவின் உள்பக்கமும் அச்சடித்திருக்கும். தங்கக் கொக்கி வந்த அன்று சாயங்காலம், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து அந்த முன் வரிசைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பெட்டியில் கறுப்பின் கோட், உள்ளே இருந்த தங்கக் கொக்கி ஷூவில் வேறு கோட். கையும் களவுமாகப் பிடித்தாயிற்று! தலையில் துண்டோடு அவள் வந்ததும் பெட்டியை நீட்டினேன்.

"பாரு. பெட்டியில ஒரு நம்பர், ஷூவுல ஒரு நம்பர். ஒத்துப்போகலை. இது வேற ஷூ. சட்டத்தை மீறிட்டே!"

அவள் நிதானமாகத் தலையைத் துவட்டினாள். "அது பெட்டியோட நம்பர்ங்க. அட்டைப்பெட்டி செய்யறவன் போடறது. உள்ளே இருக்கிற சாமானுக்கும் அதுக்கும்..."

"சரி, சரி" என்றேன். மீதியை நானே அறிவேன், இயற்றியவன் நான்தானே.

ஒரு ஆறுதல் இருந்தது. எது எப்படிப் போனாலும் என் அறுநூற்றேழு பத்திரமாக இருக்கிறது. மறுநாள் அவள் கடைக்குப் போனதும் அதைப் பார்த்துவரலாம் என்று கடைசி வரிசைப் பெட்டியை எடுத்தேன். வலதுகால் ஷூவுக்குள் கையை விட்டேன். காலி. தப்பாக ஞாபகம் வைத்திருக்கிறோமோ என்று இடதுகாலில் விட்டேன். அதுவும் காலி. தட்டில் இருந்த அத்தனை ஷூவுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தேன். அன்று முழுக்க என்னிடம் கண் பரிசோதனைக்கு வந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டே படித்தார்கள்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். "என் கறுப்பு லென்ஸ் எங்கே?" என்று கேட்க முடியாது. கறுப்புத்தான் வெள்ளியாகிவிட்டதே! கேட்டால் இரண்டு லென்ஸ் இருந்ததை ஒப்புக்கொண்டதாகும். மேல் தட்டு போய்விடும். கேட்காவிட்டால் அறுநூற்றேழு போய்விடும். சாப்பிடும்போது சுற்றிவளைத்து ஆரம்பித்தேன்.

"உன்னோட அந்தக் கறுப்பு கட் ஷூ, நல்ல ஷூ இல்ல?"

"எதுங்க?"

"கடைசி வரிசையில இருக்கே, அது."

"அதை நீங்க எப்போ பாத்தீங்க?"

"பாக்கலை. பொதுவாச் சொன்னேன். ஆமா, அதுக்குள்ள வழக்கமா என்ன இருக்கும்?"

"ஷூவுக்குள்ளயா? கால் இருக்கும்ங்க."

"கால் இல்லாத நேரத்துல?"

"காத்து இருக்கும்." என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஏன், உடம்பு சரியில்லையா?"

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. ஹால் சுவரில் அந்த ஏணிப் படம் மாட்டியிருக்கிறது. கையில் பெட்டியோடு பாதி திரும்பி, வாயைத் திறந்தபடி அவள். "கம்பளத்தை விட்டு" என்று சொல்ல வருகிற அந்த நொடி. அதை எடுத்த லென்ஸைத் தொலைத்துவிட்டேன். வெள்ளியைக் கேமராவில் மாட்டி என்னென்னவோ எடுத்துப் பார்த்தேன். படம் ஒரே மாதிரிதான் விழுந்தது. கறுப்புதான் வேண்டும் என்று எனக்கு அழுகை வந்தது.

அப்போதுதான் தெய்வம் போல மறுபடி திருகாணி.

"சார், 11607 ஒண்ணு வந்திருக்கு. கறுப்பு. ஆனா பெட்டி இல்லை."

"பெட்டி என்கிட்ட இருக்கு அண்ணே!" என்று கத்தினேன். எதிரே கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த அம்மா பயந்துபோய் எழுத்துகளைத் தலைகீழாகப் படித்தார்.

"கொண்டுவந்தவங்க காசு வேண்டாங்கறாங்க சார். வெள்ளி அறுநூத்தெட்டு இருந்தா மாத்திக்கலாம்னு சொல்றாங்க."

ஒரு நிமிஷம் யோசித்தேன். வெள்ளி போய்க் கறுப்பு வந்தால் பெட்டியும் லென்ஸும் ஒத்துப்போகும். எண்ணிக்கையும் ஒத்துப்போகும். சட்டத்தை நான் மீறியதற்கு ஒரு தடயமும் இருக்காது. தொலைந்தது தொலைந்ததுதான், ஆனாலும் கோட் அதே கோட். வேறென்ன வேண்டும்?

டிபன் டப்பாவில் வெள்ளியை வைத்துக்கொண்டு பறந்தேன். திருகாணி கறுப்பை ஒரு துணியின் மேல் எடுத்து வைத்தார். பின்பக்கத்தைத் திருப்பினேன். 11607. கண் நிறைந்துவிட்டது. டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பார்த்தேன், சுத்தம். திருப்புகிற வளையத்தின் பக்கத்தில் ஒரு இடத்தில் மட்டும் கறுப்புத் தேய்ந்து வெளுத்திருந்தது. என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். அளவெடுத்தது போலப் பொருந்தியது.

"இதை வச்சிருந்தவர் பெரிய ரசிகர் அண்ணே. என்னை மாதிரியே பிடிச்சிருக்கார் பாருங்க."

திருகாணிக்கு இருமல் வந்தது. "சீரியல் நம்பர் பாக்கலையா சார்?"

"அது டோக்கன் அண்ணே. அதைப் பாத்து என்ன ஆகப்போகுது?" லென்ஸை மூக்கருகே கொண்டுபோனேன். லேசாகத் தோல் வாசனை. "நல்ல தோல் உறையிலதான் வச்சிருந்திருக்கார். இந்தக் காலத்துல யார் இப்படிப் பாத்துக்கறாங்க!"

திருகாணி ரொம்ப நேரம் இருமினார். தண்ணீர் எடுத்துவர எழுந்தபோது பார்த்தேன், காலில் புத்தம்புது ஷூ.

"புதுசா அண்ணே?"

"ஒரு நல்ல மனசுக்காரங்க குடுத்தாங்க சார். நாள் முழுக்க நின்னாலும் கால் வலியே தெரியலை" என்று சொல்லிவிட்டுக் கூரையைப் பார்த்தார்.

உலகத்தில் நல்ல மனசுக்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள் என்று நெகிழ்ந்துபோய் வீட்டுக்கு வந்தேன். அறுநூற்றேழை அதன் பெட்டியில் வைத்து, பெட்டியைத் தட்டில் வைத்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். பல வாரங்களுக்குப் பிறகு மூச்சு சீராக வந்தது.

அவள் வந்தாள். காலில் பழைய பழுப்புச் செருப்பு. அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

"அட, கறுப்பு திரும்பி வந்துடுச்சே?"

"ஆமாம்மா. காத்துப்பட்டா மறுபடி கறுத்துடும் போலிருக்கு."

"ஏறியிருந்த பாலீஷ்?"

"உதிர்ந்துடுச்சு."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தோள் இரண்டும் குலுங்கின. பிறகு காலையில் கடைக்குக் கொண்டுபோயிருந்த கடைசி வரிசைப் பெட்டியைத் தன் பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தாள். "திறங்க."

கறுப்பு கட் ஷூ. ஆறாம் நம்பர். வலதுகால் நுனியில் என்னுடைய காலுறை. அதை உருவினேன். காலுறைக்குள்ளிருந்து, பளபளவென்று, 11608.

"இது, இது எப்படி...?"

"என் ஷூவுக்குள்ள ஒரு கறுப்பு லென்ஸ் கிடந்துச்சுங்க" என்றாள் அவள். "துடைச்சேன்."

நான் ஒரு பக்கம், காலுறை ஒரு பக்கம். அவள் தரையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"நீங்க ஒளிச்சு வச்ச மறுநாளே தூசி தட்டும்போது பெட்டியைத் தூக்கினேன். வலது பக்கம் சாய்ஞ்சுது. ஒரு ஜோடியில ஒரு கால் மட்டும் கனமா இருக்குமா? அப்புறம்தான் மேல் தட்டுல வெள்ளியைப் பாத்தேன். நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு ரெண்டு நாள் பாத்தேன். நீங்க துடைச்ச கதையை ஆரம்பிச்சீங்க."

"திருகாணியும் கூட்டா?"

"பாவம், அவருக்குக் கால்ல ஆணி. கல்லு மாதிரி ஷூவைப் போட்டுக்கிட்டு நாள் முழுக்க நிக்கறார். வெள்ளியை இன்னிக்கு வர்ற வழியில அவர்கிட்ட வாங்கிக்கிட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டும்." கடைசியாக ஒரு கிளை கையில் தட்டுப்பட்டது, பிடித்துக்கொண்டேன். "சிவப்பு? பச்சை? தங்கத் துரு? நீயும்தானே சட்டத்தை மீறியிருக்கே!"

"அதெல்லாம் கடையில கண்ணாடிக்குள்ள காட்சிக்கு வைக்கிற ஷூங்க. முதலாளியம்மாகிட்ட சொல்லிட்டு சாயங்காலம் எடுத்துட்டு வருவேன். காலையில திரும்பக் கொண்டுபோய் வச்சிடுவேன். நீங்க என்ன சொன்னீங்கன்னு கேக்கறதுக்காகவே தினமும் கடை வாசல்ல எல்லாரும் காத்துக்கிட்டு நின்னாங்க." துரு என்று நான் நம்பியதைக் கேட்டுக் காஷியர் நாற்காலியிலிருந்து விழுந்ததாகவும் சொன்னாள்.

கிளை முறிந்தது. மெதுவாக அறுநூற்றேழைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். தேய்ந்த இடத்தில் கட்டைவிரல் போய் உட்கார்ந்தது. மோந்து பார்த்தேன். தோல் வாசனை. தோல் உறையாவது, மண்ணாங்கட்டியாவது! அது ஆறாம் நம்பர் கட் ஷூவின் வாசனை. என் லென்ஸை நானே டார்ச் அடித்துப் பார்த்து, என்னை நானே ரசிகர் என்று மெச்சி, கைப்பொருளைக் கொடுத்து வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

"கோட் சரியா இருந்துச்சு" என்றேன் ஈனக்குரலில்.

"எங்க கடையில ஒரே கோட்ல ஒரு சுவர் முழுக்க ஷூ இருக்கும்ங்க. அதுல நம்ம கால் போட்டது எதுன்னு கோட்டைப் பாத்தாத் தெரியாது. தேய்மானத்தைப் பாக்கணும்." என் கட்டைவிரலைப் பிடித்து அந்த வெளுத்த இடத்தில் வைத்து அழுத்தினாள். "ஊருக்கே கண்ணு பாக்கறீங்க."

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கோபமே வரவில்லை. தொலைந்துபோனது தொலையவில்லை. ஏணிப் படம் எடுத்த அதே லென்ஸ் என் கையில் இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் சட்டம் தன் கடமையைச் செய்தது.

இப்போது மேல் தட்டு அவளுடையது. கீழ்த் தட்டில் இருக்கும் கேமராவை எடுக்க நான் மண்டியிட வேண்டியிருக்கிறது. வெள்ளியும் அவளுடையதுதான். அவள் பெட்டிக்குள் இருந்த ஒன்று வெளியே போயிற்று, ஒன்று உள்ளே வந்தது, சட்டப்படி எல்லாம் சுத்தம். படம் எடுக்கவும் திருகாணியிடம் கற்றுக்கொண்டுவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை என் கேமராவில் தன் லென்ஸை மாட்டி என்னை ஜன்னலோரம் நிறுத்தினாள்.

"அசையாதீங்க. நீங்க ரெண்டு பேராத் தெரியறீங்க."

"யார் யாரு?"

"பொய் சொன்னவர் ஒருத்தர், மாட்டிக்கிட்டவர் ஒருத்தர். இருங்க, இதோ ஒண்ணாயிட்டீங்க."

படம் ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. எனக்கு வயிற்றெரிச்சல். அறுநூற்றெட்டைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரத்தது. கடைசியில் வெட்கத்தை விட்டுக் கேட்டேவிட்டேன்.

"ஒரே ஒரு தடவை மாட்டிப் பாத்துட்டுத் தரேனே?"

"தாராளமா மாட்டிப் பாருங்க" என்று ஷூவுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தாள். "ஆனா எங்க கடை வழக்கம்தான். கம்பளத்து மேல நின்னுதான் பாக்கணும். இறங்கினா வாங்கினதாக் கணக்கு."

ஹால் கம்பளத்தின் மேல் நின்றபடி திரைச்சீலையைப் படம் எடுத்தேன். நாற்காலியை எடுத்தேன். மின்விசிறியை எடுத்தேன். திறந்திருந்த கதவுக்கு வெளியே வாசலில் வெயில் அப்படி விழுந்திருந்தது. நாலே அடி. ஒரு காலைத் தூக்கிவிட்டேன்.

"இறங்கினாத்தான் என்ன? வாங்கிக்கறேனே."

"வாங்கிக்கோங்க. ஒண்ணு உள்ளே வந்தா ஒண்ணு வெளியே போகணும். அவ்வளவுதானே?"

"எது போகணும்?"

அவள் அலமாரிப் பக்கம் திரும்பவே இல்லை. என்னைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தாள்.

தூக்கின காலைக் கம்பளத்திலேயே வைத்தேன். வைத்து, இன்னும் கொஞ்சம் நடுவுக்கு நகர்ந்துகொண்டேன்.